அம்மாவின் கண்புரை: ஒரே கண்ணுக்கு இரண்டு அளவு, எதை நம்புவது?

பட்டர்வொர்த் மகள்:
அம்மாவுக்கு 68 வயது, இனிப்பு நீர் உண்டு, வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது. முதலில் போன இடத்தில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, பேனா மாதிரி ஒன்றைக் கருவிழியில் வைத்து அளந்தார்கள். கண்ணின் நீளம் 23.22 மில்லிமீட்டர், வைக்க வேண்டிய லென்ஸின் பவர் 21.5. மனசு கேட்காமல் ஜார்ஜ் டவுனில் இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஐஓஎல் மாஸ்டர் 700 என்ற, ஒளியால் அளக்கும் கருவி, கண்ணைத் தொடவே இல்லை, நீளம் 23.41, லென்ஸ் 21 என்றார்கள். உள்ளே வைக்கிற லென்ஸை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாதே, பயமாக இருக்கிறது. லென்ஸ்டார் என்று இன்னொரு கருவி உண்டாமே, அதிலும் பார்க்கட்டுமா?

செராஸ் ஆப்டோமெட்ரிஸ்ட்:
அக்கா, முதலில் அளந்தது அல்ட்ராசவுண்ட் ஏ-ஸ்கேன். அதன் முனை கருவிழியை லேசாக அமுக்கிவிடும், அதனால் கண் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை குட்டையாகத் தெரியும். நீளத்தில் 1 மில்லிமீட்டர் தப்பினால் பவர் 2.5, 3 வரை தப்பும், அப்படியென்றால் உங்கள் 0.19க்கு அரை பவர், கணக்கு சரியாகவே வருகிறது. நான் 23.41ஐத்தான் எடுப்பேன்.

லென்ஸ்டார் நல்ல கருவிதான், ஆனால் அதன் ஒளியின் அலைநீளம் 820 நானோமீட்டர், பழைய ஐஓஎல் மாஸ்டர் 500க்கு 780. புரை அடர்த்தியாக, அதுவும் லென்ஸின் பின்பக்கம் படர்ந்திருந்தால் அந்த ஒளி சிதறி, சில நேரம் அளவே கிடைக்காது. 700இல் இருப்பது ஸ்வெப்ட் சோர்ஸ் ஓசிடி, அதாவது ஒளியால் கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் முறை, அதன் அலைநீளம் 1055 நானோமீட்டர். அலைநீளம் கூடினால் சிதறல் குறையும், முற்றிய புரையையும் பெரும்பாலும் தாண்டிவிடும். விழித்திரையின் நடுக்குழியையும் சின்னப் படமாகக் காட்டும், அம்மா விளக்கை நேராகப் பார்த்தாரா என்பது அதிலேயே தெரியும். ஆனால் இனிப்பு நீர் இருப்பதால் அந்தச் சின்னப் படம் போதாது, விழித்திரைக்குத் தனி ஓசிடி எடுத்து வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணின் நீளம் என்ன? இரண்டுக்கும் 0.3க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அளக்க வேண்டும். அப்புறம், இரண்டு இடத்திலும் ஒரே லென்ஸ் மாடலா? மாடல் மாறினால் பவரும் மாறும்.

சுங்கை ஆரா:
நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள், லென்ஸ் பவர் கணக்கில் கருவிழியின் வளைவும் சேரும். என் அப்பாவுக்கு நீளம் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வந்தது, கருவிழி வளைவுதான் அளக்க அளக்க மாறியது. காரணம் கண் வறட்சி. அதைக் கவனிக்காமலே ஒரு இடத்தில் ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். வேறொரு டாக்டர்தான் நிறுத்தி, இரண்டு வாரம் செயற்கைக் கண்ணீர் விடவைத்து மறுபடி அளந்தார். உங்கள் அம்மாவுக்கு இரண்டு அளவும் ஒரே நாளிலா? கருவிழியைத் தொட்டு அளந்த கையோடு வளைவை எடுத்தால் அதை நம்ப முடியாது.

பட்டர்வொர்த் மகள்:
வேறு நாள்தான், ஒன்பது நாள் இடைவெளி. இடது கண் 23.36. அம்மா கண் உறுத்துகிறது என்று தினமும் சொல்வார், புரையால்தான் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை போகும்போது வறட்சியைப் பார்க்கச் சொல்கிறேன், லென்ஸ் மாடலையும் கேட்டு வந்து எழுதுகிறேன்.