புதுப்பிப்பு: சபை நீக்கத்துக்குப் பிறகு அம்மா பேசினார்

தை மாதம் கேட்டிருந்தேன்: எங்கள் கிறிஸ்தவ சபையை விட்டு வந்ததால் எனக்குச் 'சபை நீக்கம்' (சபையார் பேசாமல் பழகாமல் ஒதுக்கிவைப்பது), அதனால் திருவையாறு பக்கம் இருக்கும் அப்பா, அம்மா மூன்று வருடமாகப் போனை எடுப்பதில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில், புகார் கொடுக்கச் சொன்னவர்களுக்கு. கும்பகோணத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். இப்படி மதத்தை விட்டு ஒதுக்கிவைப்பதைத் தடுத்த பம்பாயின் 1949 சட்டத்தையே 1962-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது; மகாராஷ்டிராவின் 2016 சமூகப் புறக்கணிப்புச் சட்டம் இங்கே பொருந்தாது. மிரட்டினால் வழக்குப் போடலாம், பேசாமல் இருப்பதற்கு முடியாது என்றார். இரண்டு நடை வீண்.

பலித்தது போஸ்ட்கார்டு யோசனை. "வேதத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், பதிலும் கேட்காதீங்க" என்று சொன்ன அக்காவுக்குத்தான் முழுப் பெருமையும். வாரம் ஒன்று போட்டேன். பாப்பாவுக்குப் பல் முளைத்தது, வாய்க்காலில் தண்ணீர் வந்தது, இவ்வளவுதான். பன்னிரண்டாவது கார்டுக்குப் பிறகு அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், "பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சுதாடீ?"

எதிர்பாராதது: சபையை நடத்தும் மூப்பர்கள் பைபிளின் 1 கொரிந்தியர் 5:11-ஐக் காட்டி, நீக்கப்பட்டவளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்றார்களாம். அம்மா 1 தீமோத்தேயு 5:8-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார்: சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன். நான் வாதாடியிருந்தால் இது நடந்திருக்காது.

குறுவை அறுப்புக்குப் போனேன். அப்பா இலை போட்டார், சாம்பார் ஊற்றினார். பக்கத்தில் உட்காரவில்லை.