கேஆர்200: ரிவர்ஸில் மட்டும் பொறி வரவில்லை

ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். 1955 மாடல் மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 ஒன்றைப் போன அக்டோபரிலிருந்து சரிசெய்துவருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, விமான நிறுவனமான மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு விமானம் கட்டத் தடை இருந்த காலத்தில், ஃப்ரிட்ஸ் ஃபெண்டின் வடிவமைப்பில் இதே ஊரில் தயாரான மூன்று சக்கர வண்டி.

இதில் தனியாக ரிவர்ஸ் கியர் கிடையாது. சாவியை இன்னும் உள்ளே அழுத்தி ஸ்டார்ட் செய்தால் ஸாக்ஸ் 191 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜினே எதிர்த்திசையில் ஓடும். நான்கு கியரிலும் பின்னால் போகலாம், தைரியம் இருந்தால்!

சிக்கல் அங்கேதான். முன்னோக்கி உடனே ஸ்டார்ட் ஆகிறது. சாவியை அழுத்தினால் டைனாஸ்டார்ட்டர் (ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றாக உள்ள மோட்டார்) எதிர்ப்புறம் நன்றாகவே சுழற்றுகிறது, ஆனால் பிளக்கில் பொறியே இல்லை. இன்ஜின் சூடாக இருந்தாலும் இதே கதைதான்.

பிளக், கண்டன்ஸர், ரிவர்ஸுக்கெனத் தனியாக இருக்கும் பாயிண்ட்ஸ் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை வரவைக்கும் தொடுமுனைகள்) எல்லாம் புதிது. பாயிண்ட்ஸ் இடைவெளி 0.4 மிமீ. எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாயிற்று, பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கிறது. இங்குள்ள மெக்கானிக் கைவிரித்துவிட்டார். அதனால் பார்க்கிங்கில் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இக்னிஷன் சுவிட்சிலிருந்து ரிவர்ஸ் பாயிண்ட்ஸுக்குப் போகும் இணைப்பில் எந்த இடத்தை முதலில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்?