பழைய வரைபடத்தை வைத்துப் பாட்டியின் லயத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

செம்பனைக்காடு:
மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். பாட்டி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்தில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பிரட்டுக்களம் (காலையில் பெயர் கூப்பிடும் இடம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), கோயில் எல்லாம் இருந்தன, இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை), ஓரத்தில் ஒரு தாமான் (குடியிருப்பு). போருக்கு முந்திய வரைபட நகல் ஒன்று கிடைத்திருக்கிறது, ஒரு மைலுக்கு ஓர் அங்குலக் கணக்கு. தோட்டத்தின் பெயர் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் கைப்பேசி வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, நடக்க முடிகிறபோதே அந்த இடத்துக்கு அழைத்துப் போக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

அளவைக்காரன்:
தங்கச்சி, அந்தக் கணக்கு 1:63,360. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர், ஒரு லயமே அதற்குள் அடங்கிவிடும். அதனால் இடம் சுமாராகத்தான் கிடைக்கும். தாளில் உள்ள ஆயத்தொலைவை (இடம் குறிக்கும் எண்களை) அப்படியே ஜிபிஎஸ்ஸில் போடாதீர்கள், பழைய மலாயா அளவை கணக்கைத் தொடங்கும் ஆதாரப் புள்ளி வேறு, நூறு மீட்டருக்கு மேலேயே விலகும். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இலவசம்தான், அதில் நகலை ஏற்றி மாறாத இடங்களாகப் பார்த்துப் பொருத்துங்கள்: குன்றின் உச்சி, பழைய சடக்குச் (சாலை) சந்தி, இப்படி. பிளஸ் ஆற்றின் வளைவுகளை நம்பவேண்டாம், ஆறு நகரும். ரயில் பாதையிலும் கவனம், இரட்டைத் தண்டவாளம் போட்டபோது சில இடங்களில் தடம் மாறியது. தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் தனித்தனியாக இருக்கும், அளந்த ஆண்டுதான் முக்கியம்.

லிந்தாங் பெரியவர்:
பொருத்துவதற்கு முன்னால் ஒன்றைக் கேளம்மா, பாட்டி எந்த வருஷம் அந்த லயத்துக்கு வந்தார்? 1948 ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது, நம் ஊர்ப் பக்கத்திலேதான். அப்புறம் 1950-இல் பிரிக்ஸ் திட்டம், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் உதவியும் போகாமல் தடுக்க. சிதறிக் கிடந்த லயங்களை எத்தனையோ தோட்டங்களில் பிரித்து, ஒரே இடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். உன் பாட்டி எண்பது என்றால் அவர் பால்மரம் வெட்டியது அதற்கெல்லாம் பிறகுதான். போருக்கு முந்திய தாளில் இருப்பது அவருடைய பெற்றோர் காலத்து லயமாக இருக்கலாம், அதுவும் தேடவேண்டியதுதான், ஆனால் பாட்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் அடையாளம் தெரியாது. ஐம்பது, அறுபதுகளின் தாளைத் தேடு. தரையில் பார்க்கும்போது சிமெண்டுக் கால்வாய், கிணறு, செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கும் வேப்பமரம், புளியமரம், முனியாண்டி சாமி மேடை இவற்றைப் பார். தோட்டக்காட்டில் வேப்பமரம் தானாக வந்திருக்காது.

தோட்டப்பள்ளி ஆசிரியை:
பழைய தாள்கள் அர்கிப் நெகாராவில் (மலேசியத் தேசியக் காப்பகம்) பார்க்கலாம், சிங்கப்பூர் தேசியக் காப்பகத்தின் இணையத்தளத்திலும் மலாயா வரைபடங்கள் இருக்கின்றன. ஆனால் லயத்துக்கு இவற்றைவிட நல்லது தோட்ட ஆபீசின் பிளான். மரம் நட்ட ஆண்டும் காட்டு (தோட்டப் பகுதி) நம்பரும் போட்டு வைத்திருப்பார்கள். ஓய்வு பெற்ற கிராணியாரிடமோ (தோட்ட எழுத்தர்) மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) பழைய பிரதி ஒன்று கிடக்கக்கூடும். உங்கள் தோட்டம் ஐம்பது, அறுபதுகளில் துண்டாடப்பட்டதா (சிறு துண்டுகளாக விற்கப்பட்டதா) என்றும் விசாரியுங்கள், துண்டாடியிருந்தால் பெயரும் எல்லையும் மாறியிருக்கும்.

செம்பனைக்காடு:
ஐயா, பாட்டியிடம் கேட்டேன். முள்வேலிக்கு உள்ளேதான் வளர்ந்தாராம், கேட்டில் சோற்றுப் பொட்டலத்தைச் சோதிப்பார்களாம், இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை! கோயில் பிளஸ் ஆற்றுக்குப் போகும் சடக்கின் இடது பக்கம் என்கிறார். ஐம்பதுகளின் தாளைத் தேடத் தொடங்கிவிட்டேன். பழைய கிராணியார் ஒருவர் டவுனிலேயே இருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.