புதுப்பிப்பு: தரங்கம்பாடி ஆரோன் பற்றிய மூலக்குறிப்புகள் கிடைத்தன

1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற தமிழ்ப் போதகர் ஆரோன் பற்றி, என் எம்.டிஎச். (இறையியல் முதுகலை) ஆய்வுக்கு மூலக்குறிப்புகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஜெர்மனியின் ஹாலே நகர ஃபிராங்கே நிறுவன மின்னூலகத்தைப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். 1710 முதல் 1772 வரை அச்சான தரங்கம்பாடி மிஷனெரி அறிக்கைகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். எல்லாம் பழைய கோண எழுத்து ஜெர்மன், கண் பிதுங்கிவிடும். பழைய எழுத்துகளைப் படித்துத் தரும் டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருளில் போட்டால் ஓரளவு படிக்க வருகிறது. ஆனால் ஊர்ப்பெயர்களை மூலப்பக்கத்தோடு சரிபார்த்தே ஆக வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: அச்சில் வந்தவை ஹாலேயில் வெட்டித் திருத்தப்பட்டவை. கையெழுத்துக் கடிதங்கள் அங்குள்ள ஆவணக்காப்பகத்தில் தனியே இருக்கின்றன. ஒப்பிடாமல் மேற்கோள் காட்டாதே என்று கைடு சொல்லிவிட்டார்.

அப்புறம், தரங்கம்பாடியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்துக்கும் போனேன். அங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவின் கல்லறையைப் பார்த்ததில் நிறைவு. ஆய்வுக்கு அங்கே ஒன்றும் சிக்கவில்லை.