அப்பாரு பேசுனத எங்க போடறதுங்க? பிளாக்கா, பாட்காஸ்டா, யூடியூபா?

#1 தறிக்குழி
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரு சென்னிமலை, வேலை திருப்பூர்ல. எங்க அப்பாருக்கு 78 வயசாச்சு, குழித்தறியில (குழிக்குள்ள கால விட்டு உக்காந்து நெய்யற கைத்தறி) பெட்ஷீட் நெய்ஞ்சவரு, கண்ணு மங்கிப்போனதால இப்ப தறிய விட்டு எந்திரிச்சுட்டாரு. போன தீபாவளிக்கு போனப்ப அவரு பேசறத போன்ல ரெக்கார்ட் பண்ணுனேன், பாவு (நீளவாக்குல போற நூலு) எப்படி புணைக்கறது (பழைய இழையோட புது இழைய சேக்கறது), வீட்ல தார் (ஊடு நூலு சுத்தற சின்ன குச்சி) யாரு சுத்துவாங்க, தெருவுல பாவு விரிச்சு கஞ்சி போடறப்ப மழை வந்தா என்ன பண்ணுவாங்க, கூலி வாங்கப் போனா அங்க என்ன பேச்சு நடக்கும், இப்படி அவரு பாட்டுக்கு பேசிக்கிட்டே போனாருங்க. பக்கத்து வீட்டு பெரியவங்க ரெண்டு பேரும் வந்து சேந்துக்கிட்டாங்க. இப்ப கையில 14 ரெக்கார்டிங் இருக்குது, ஒவ்வொண்ணும் 20 நிமிஷத்துல இருந்து 50 நிமிஷம் வரைக்கும்.

இத ஆடியோவாவும் போடணும், எழுத்தாவும் போடணும், நாலு பேருக்கு போயும் சேரணும். ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் எனக்கு நேரம். வருஷத்துக்கு 3000 ரூபாய் வரைக்கும் செலவு பண்ணலாம். எதுல ஆரம்பிக்கறதுன்னு தெரியலைங்க, பிளாக் எழுத ஒருத்தரு வேர்ட்பிரஸ்ங்கறாரு, பாட்காஸ்ட்டுக்கு ஒருத்தரு ஸ்பாட்டிஃபைங்கறாரு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 சந்தைக்காரன்
தம்பி யூடியூப்ல போடுங்க, வேற எதையும் யோசிச்சு நேரத்த வீணாக்காதீங்க. நான் மணப்பாறை மாட்டுச்சந்தையில ஆரம்பிச்சு ஊர் ஊரா சந்தைய பத்தி வீடியோ போடறவன். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் பிளாக் எழுதினேன், 60 பதிவு, ஒவ்வொண்ணுக்கும் ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்திருக்கேன், படிச்சது என் ஃபிரண்ட்ஸ் பத்து பேரு. அதே விஷயத்த வீடியோவா போட்டதும் எந்த சந்தையில நான் படம் புடிச்சேனோ அந்த சந்தைக்கு வர்ற வியாபாரியே பாத்துட்டு போன் பண்றாரு. தறி ஓட்டற வீட்டுல போய் பாருங்க, ரேடியோ மாதிரி யூடியூப்ப ஓடவிட்டுட்டுத்தான் வேலை பாக்கறாங்க. 2016ல ஜியோ வந்ததுக்கு அப்பறம் எழுத்து கூட்டி படிக்கத் தெரியாதவங்க கையிலயும் யூடியூப் இருக்கு. உங்க அப்பாரு பேச்சு யாருக்குப் புரியுமோ அவங்க அங்கதான் இருக்காங்க. அவங்களப் போய் சைட் அட்ரஸ் டைப் பண்ணி வாங்கன்னு சொல்லுவீங்களா?

#3 பழைய_பதிவர்
சந்தைக்காரன் சொல்றது முழுக்க தப்புன்னு சொல்லமாட்டேன், ஆனா ஆரம்பமே தப்பான இடத்துல இருக்கு. நான் 2005ல வலைப்பூ ஆரம்பிச்சவன். தமிழ் பிளாக் பதிவுகள ஒரே பக்கத்துல காட்டற தமிழ்மணம் திரட்டி 2004ல வந்துச்சு, அதுல நம்ம பதிவு மேல வர்றதுக்காக காலையில எந்திரிச்சு போட்ட காலம் அது. அப்ப எனக்கு தெரிஞ்சு எழுதினவங்கள்ல பாதி பேரோட எழுத்து இன்னிக்கு எங்கயும் இல்ல. அவங்க அழிச்சதில்ல, அவங்க நம்பின இடம் மூடிட்டாங்க.

யாஹூ ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபர்ல மூடினாங்க. பல பிளாக்க ஒரே இடத்துல படிக்கற கூகுள் ரீடர் 2013 ஜூலைல போச்சு, நம்ம வாசகர்கள்ல பாதி பேரு அதுல இருந்துதான் வந்துட்டிருந்தாங்க. ஆர்குட் 2014. கூகுள் பிளஸ் 2019, அதுல பல பேரு பிளாக்க விட்டுட்டு போய் நீள நீளமா எழுதினாங்க. 2020 ஜூன்ல டிக்டாக்க தடை பண்ணினப்ப என் பக்கத்து வீட்டு பொண்ணு மூணு வருஷமா போட்ட நாட்டுப்பாட்டு வீடியோ அத்தனையும் அந்த ஆப்போட நின்னு போச்சு, அவ போன்ல காப்பி கூட வச்சுக்கல, அவ அழுதத பாத்தவன் நான். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024ல மூடிட்டாங்க. இதெல்லாம் சின்ன கம்பெனி இல்ல, பெரிய கம்பெனிங்கதான்.

அதனால முதல்ல உங்க பேர்ல ஒரு டொமைன் (சொந்த சைட் முகவரி) வாங்குங்க, டாட் இன் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியும். ஆனா கண்டிப்பா உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல. எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் டிசைனர் கையில குடுத்தான், அவரு தன் பேர்லயே பதிஞ்சுக்கிட்டாரு, ரெண்டு வருஷம் கழிச்சு கேட்டா போன எடுக்கல. டொமைன் உங்க கையில இருந்தா பின்னாடி இருக்கற சர்வீஸ எத்தனை தடவை வேணா மாத்திக்கலாம், உங்கள தேடி வர்றவனுக்கு வாசல் மாறாது.

இதுக்கு நேரடி உதாரணம் சொல்றேன். 2012ல பிளாக்ஸ்பாட் முகவரிய (கூகுளோட பிளாக்கர்ல எழுதறவங்களுக்கு கெடைக்கற இலவச முகவரி) இந்தியாவுல தொறந்தா டாட் காம் போய் டாட் இன்னுக்கு தானா மாறும்படி பண்ணாங்க. ஜனங்க அந்த டாட் இன் லிங்க்கத்தான் காப்பி பண்ணி எல்லா இடத்துலயும் ஒட்டி வச்சாங்க. 2020ல அந்த டாட் இன் டொமைன் கூகுள் கைய விட்டே போயிருச்சு. ஒட்டி வச்ச லிங்க் அத்தனையும் செத்துச்சு. சொந்த டொமைன் போட்டிருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

#4 சந்தைக்காரன்
ஐயா, நீங்க சொன்ன உதாரணமே என் பக்கம்தான் பேசுது. கூகுள் மாதிரி கம்பெனியே ஒரு டொமைன கைய விட்டுட்டாங்கன்னா ஞாயித்துக்கெழமை மட்டும் நேரம் இருக்கற இந்தத் தம்பி எத்தனை வருஷம் ஞாபகம் வச்சு பணம் கட்டுவாரு? கல்யாணம் ஆகும், வேலை மாறும், ஏதோ ஒரு வருஷம் கார்டு காலாவதி ஆயிருக்கும், ஆட்டோ ரினியூ ஃபெயில் ஆகும், மெயில் ஸ்பாம்ல கெடக்கும். நான் புக்மார்க் பண்ணி வச்சிருந்த எத்தனையோ நல்ல தமிழ் சைட்ட இன்னிக்கு தொறந்தா சூதாட்ட விளம்பரம் வருது. யூடியூப்ல போட்டா காசும் கட்ட வேண்டாம், நாம சேனல நடத்தாம விட்டாலும் வீடியோ அங்கயே இருக்கும்.

வேர்ட்பிரஸ்ஸ சொந்தமா ஹோஸ்ட் பண்ணுங்கன்னு (சர்வர்ல இடம் வாங்கி நாமளே நடத்தறது) யாராச்சும் சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க தம்பி. பிளகின் (சைட்டுல கூட சேக்கற சின்ன புரோகிராம்) அப்டேட் பண்ண மறந்தேன், மூணு மாசத்துல சைட் ஹேக் ஆயிருச்சு, என் சந்தை கட்டுரைக்கு நடுவுல ஏதோ மாத்திரை விக்கற லிங்க்.

#5 யாழ்_வெளி
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நீங்கள் ரெண்டு பேரும் வாசலைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறியள், உள்ளுக்க இருக்கிற பொருளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்கட ஊரில 1981ல நூலகம் எரிஞ்சபோது ஒரே ஒரு பிரதியா இருந்த சுவடியளும் புத்தகங்களும் திரும்பி வரேல்லை. அதனாலதான் நாங்கள் எதையும் ஒரு இடத்தில மட்டும் வைக்கப் பயப்படுறம், 2005ல தொடங்கின நூலகம் திட்டம் இண்டைக்கும் பழைய புத்தகங்களை ஸ்கான் பண்ணி ஏத்திக்கொண்டே இருக்கிறதும் அந்தப் பயத்திலதான்.

தம்பி, முதல் வேலை அந்த 14 ரெக்கார்டிங்கையும் போனில இருந்து எடுங்கோ. வாட்ஸ்அப்பில சும்மா அனுப்பாமல் டொக்கியுமெண்டா அனுப்புங்கோ, இல்லாட்டி கேபிள் போட்டு எடுங்கோ. ஒரு பிரதி கொம்பியூட்டரில, ஒண்டு ஹார்ட் டிஸ்க்கில சொந்தக்காரர் வீட்டில, ஒண்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் எண்ட இணைய நூலகத்தில. ஆர்க்கைவ் 1996ல இருந்து இருக்குது, காசில்லை, ஆடியோவுக்கு நிரந்தர லிங்க் தரும்.

பாட்காஸ்ட் எண்டால் பெரிய விசயம் ஒண்டுமில்லை, ஆடியோ ஃபைல் ஒண்டும் அதைக் காட்டுற ஆர்எஸ்எஸ் ஃபீட் எண்ட பட்டியல் ஒண்டும்தான். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை எல்லாம் அந்த ஃபீடைப் பாத்துத்தான் எடுக்கும், யூடியூப்பும் இப்ப ஆர்எஸ்எஸ் எடுக்குது. அதனால ஹோஸ்ட் (ஆடியோவையும் ஃபீடையும் வைச்சிருக்கிற சேவை) தேடேக்க ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: நான் நாளைக்கு வேற இடத்துக்குப் போனால் பழைய ஃபீட் முகவரியில இருந்து புதுசுக்கு 301 ரீடைரெக்ட் (நிரந்தரமாத் திருப்பி விடுறது) போட்டுத் தருவியளோ? இல்லையெண்டால் அங்க போகாதைங்கோ. ஆங்கர் எண்டு ஒரு பாட்காஸ்ட் ஹோஸ்ட் இருந்தது, 2019ல ஸ்பாட்டிஃபை வாங்கினது, 2023ல பேர் மாத்தி, 2024ல திரும்பவும் பேர் மாத்தினது. பேர் மாறினாலும் பரவாயில்லை, ஃபீட் எங்கட கையில இருந்தால் கேக்கிற ஆக்கள் துலைய மாட்டினம்.

அளவையும் பாருங்கோ. குரல் மட்டும் எண்டால் மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், ஒரு மணித்தியாலம் 29 எம்பிக்குள்ள வரும். வீடியோ இதைவிடப் பல மடங்கு. டேட்டா காட் போடக் கஷ்டப்படுற சனமும் கேக்கும்.

#6 சந்தைக்காரன்
அக்கா நீங்க சொல்ற காப்பி விஷயம் சரி, அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா 2024 அக்டோபர்ல அந்த ஆர்க்கைவையே ஹேக் பண்ணி சைட் பல நாள் படுத்துக் கெடந்துச்சே. ஆடியோவ அங்க வச்சு அந்த லிங்க்க நம்பி பாட்காஸ்ட் நடத்தினவனுக்கு அத்தனை நாளும் சத்தமே வந்திருக்காது. பத்திரமா வைக்கற இடம் வேற, ஜனங்களுக்கு போட்டுக் காட்டற இடம் வேற, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க.

#7 யாழ்_வெளி
ஓம், அது சரியான கதை. ஆர்க்கைவ் பெட்டகம், ஹோஸ்ட் வேற. நான் பிரிச்சு எழுதியிருக்க வேணும்.

#8 ஒலிப்பெட்டி
ஒரு எஃப்எம் ஸ்டேஷன்ல சவுண்ட் எடிட்டிங் பண்றவ நான். எங்க போடறதுன்னு மூணு பேரும் பேசறீங்க, கேக்கற மாதிரி இருக்கான்னு யாரும் கேக்கலையே. தறிக்குழி, அந்த ரெக்கார்டிங்ல பின்னாடி தறிச் சத்தம் இருக்கா, ஃபேன் சத்தம் இருக்கா? ஆடாசிட்டிங்கற சவுண்ட் எடிட்டிங் சாஃப்ட்வேர் இலவசம், இறக்கிக்கோங்க. ஃபேன் சத்தம் ஒரே சீரா வர்றதால யாரும் பேசாத நாலு செகண்ட செலக்ட் பண்ணி நாய்ஸ் புரொஃபைல் எடுத்து மொத்தத்துக்கும் போட்டா குறையும், கொஞ்சமா போடுங்க. தறிச் சத்தம் விட்டு விட்டு அடிக்கறது, அது அந்த முறையில போகாது, அழுத்திப் போட்டா குரல் தகரம் மாதிரி ஆயிரும். அதுக்கு அப்பறம் லவுட்னஸ் நார்மலைஸ் பண்ணி (சத்தத்த ஒரே அளவுக்கு கொண்டு வர்றது) மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்ல வைங்க, ஆப்பிள் கேக்கறது அதுதான், ஒரு எபிசோட் கத்தி ஒரு எபிசோட் முணுமுணுக்காம இருக்கும்.

இனிமே எடுக்கறப்ப போன தரையிலயோ பலகையிலயோ வைக்காதீங்க, தறி அடிக்கற அதிர்வு நேரா மைக்குக்கு ஏறும். உங்க வீட்டு பெட்ஷீட்டயே நாலா மடிச்சு அது மேல வைங்க, அப்பாரு வாய்ல இருந்து ஒரு முழம் தள்ளி. அவரு பேசறப்ப தறிய நிறுத்தச் சொல்லுங்க. தறிச் சத்தத்த மட்டும் தனியா ரெண்டு நிமிஷம் எடுத்து வைங்க, நாடா (ஊடு நூல கொண்டு போற கட்டை) போய் வர்றது, அச்சு (நூல நெருக்கி அடிக்கற சட்டம்) அடிக்கறது, அந்தச் சத்தம் இனிமே எத்தனை வருஷத்துக்கு கேக்கும்?

இன்னொண்ணு. கூலிப் பேச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதுல முதலாளி பேரு யாராச்சும் வருதா? அவங்க குடும்பம் இன்னும் அதே ஊர்லதானே இருக்கும். போடறதுக்கு முன்னாடி அப்பாருகிட்ட ஒவ்வொண்ணா போட்டுக் காட்டி கேட்டுருங்க.

#9 பழைய_பதிவர்
ஒலிப்பெட்டி அம்மா சொன்னது எனக்கு தோணவே இல்ல, நன்றி.

சந்தைக்காரன், சொந்த ஹோஸ்டிங் பத்தி நீங்க சொன்னத ஒத்துக்கறேன், வாரம் ஒரு நாள் இருக்கறவருக்கு அது ஆகாது. டொமைன் காலாவதி ஆகற பயமும் நியாயம்தான், அதுக்கு ஒரே தடவை அஞ்சு வருஷத்துக்கு கட்டி வச்சுரலாம். அதனால தறிக்குழிக்கு என் யோசனை, பிளாக்கர்ல ஆரம்பிச்சு அதுல சொந்த டொமைன இணைச்சுக்கோங்க, இணைக்கறதுக்கு கூகுள் காசு கேக்கறதில்ல, அப்டேட் தொல்லையும் கெடையாது. அப்பப்ப பேக்கப் எடுங்க, படத்த தனியாவும் வச்சுக்கோங்க.

தமிழ்ல தலைப்பு வைக்கறவங்க எல்லாரும் மாட்டிக்கற ஒரு இடம் இருக்கு. பிளாக்கர்ல தமிழ்த் தலைப்பு வச்சா யூஆர்எல் வெறும் பிளாக்-போஸ்ட்னு வந்து பின்னால ஏதோ நம்பர் ஒட்டிக்கும், எந்தப் பதிவு எதுன்னு உங்களுக்கே தெரியாது. வேர்ட்பிரஸ்ல இதுக்கு நேர்மாறு, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் சதவீதக் குறியோட ஒம்பது எழுத்தா விரியும், மொத்த இடமே 200 எழுத்துதான், 22 குறிக்கு மேல போனா பாதியில வெட்டிரும். வாட்ஸ்அப்ல அனுப்பினா அரை ஸ்கிரீன் குப்பையா நிக்கும். ரெண்டுலயும் பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி பெர்மாலிங்க்க (அந்தப் பதிவோட நிரந்தர முகவரி) கையால ஆங்கில எழுத்துல சின்னதா அடிச்சுருங்க. பிளாக்கர்ல ஒரு தடவை வெளியிட்டுட்டு மாத்தினா ஏற்கனவே பகிர்ந்த லிங்க் உடையும்.

#10 சந்தைக்காரன்
சரிங்கய்யா, ரெண்டு படி இறங்கி வந்துட்டீங்க, நானும் ஒரு படி இறங்கறேன், எழுத்துக்கு பிளாக்கர் இருக்கட்டும். ஆனா முதல்ல யூடியூப்ல போடட்டும்ங்கறதுல நான் மாறல. 14 எபிசோட சுத்தம் பண்ணி எழுத்தாக்கி பிளாக் கட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிரும். அப்பாருக்கு 78. அவரு காதால கேக்கறப்பவே நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்றது அவருக்குத் தெரியணும். எங்க தாத்தா பேச்ச நான் எடிட் பண்ணிட்டு போடலாம்னு வச்சிருந்தேன், அவரு கேக்காமலே போயிட்டாரு. அதான் இவ்வளவு அடிச்சு சொல்றேன்.

வாட்ஸ்அப் சேனலும் ஒண்ணு ஆரம்பிங்க, ஊர்க்காரங்க அதுலதான் பகிருவாங்க. இன்ஸ்டா, ஃபேஸ்புக் ரெண்டுக்கும் மெட்டா பிசினஸ் சூட்ல ஞாயித்துக்கெழமை உக்காந்து வாரத்துக்கும் ஷெட்யூல் பண்ணி வச்சுரலாம், காசு கெடையாது.

#11 பழைய_பதிவர்
தாத்தா விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. வேகமா போடட்டும். வாட்ஸ்அப் சேனல்ல மட்டும் ஒண்ணு கவனிங்க, 2023ல ஆரம்பிச்சப்பவே சேனல் பதிவுகள சர்வர்ல 30 நாள்தான் வச்சிருப்போம்னு சொன்னாங்க. அங்க லிங்க் போடுங்க, பொருள வைக்காதீங்க.

#12 தறிக்குழி
ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. யாழ்_வெளி அக்கா சொன்னபடி முதல்ல காப்பி எடுத்தேன், ஹார்ட் டிஸ்க் ஈரோட்டுல சித்தி வீட்ல இருக்குது. டொமைன் அஞ்சு வருஷத்துக்கு கட்டிட்டேனுங்க, நான் நெனச்சதவிட கொஞ்சம் கூட ஆச்சு. ஆனா முதல் ரெக்கார்டிங்க சந்தைக்காரன் அண்ணா சொன்ன மாதிரி யூடியூப்லதான் முதல்ல போட்டேன், தறிக்குழியோட ஃபோட்டோ ஒண்ண மட்டும் வச்சு.

பக்கத்து வீட்டு அக்கா போன்ல அப்பாரு கேட்டாரு. பாதியில நிறுத்தச் சொல்லி, நான் விவரத்துல பாவு இழையோட எண்ணிக்கைய தப்பா எழுதியிருக்கறதா சொன்னாரு. திருத்திட்டேன். கீழ கமெண்ட்ல பரமக்குடியில இருந்து ஒரு நெசவாளி அம்மா எங்க பக்கம் பாவு புணைக்கறத வேற மாதிரி சொல்லுவோம்னு எழுதி அவங்க வீட்ல சொல்ற வார்த்தையையும் போட்டிருந்தாங்க. அந்தக் கமெண்ட அவங்ககிட்ட கேட்டுட்டு பிளாக்ல அந்தப் பதிவுக்கு கீழயே சேத்துட்டேன், பெர்மாலிங்க் ஆங்கில எழுத்துல சின்னதா வச்சேனுங்க ஐயா.

ஒலிப்பெட்டி அக்கா, ஒவ்வொண்ணா போட்டுக் காட்டி கேட்டேன். 13க்கு சரின்னுட்டாரு. கூலிப் பேச்சு வர்ற 6வத மட்டும், அந்த வீட்டு பெரியம்மா இருக்கற வரைக்கும் வேண்டாம் சாமின்னு சொல்லிட்டாரு. அத ஆர்க்கைவ்லயும் ஏத்தல, சித்தி வீட்டு டிஸ்க்ல மட்டும் வச்சிருக்கேன்.