தோட்டா வேறு, சன்னம் வேறு: நெம்புத் துப்பாக்கிக் கட்டுரைக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வாழும் நம் உறுப்பினர், நெம்புத் துப்பாக்கிக்கு (விசைக்கு அருகிலுள்ள நெம்பை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும் 'லீவர் ஆக்‌ஷன்' துப்பாக்கிக்கு) தாமே தோட்டா நிரப்புவோர் துல்லியம் கருதி எதை, ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பற்றி எழுதிய கட்டுரையின் சொற்களைச் சரிபார்க்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிக்க இயலாது என்பதால் இக்கட்டுரை நமக்குச் செய்முறைக் கையேடு ஆகாது. ஆயினும் ஒரு பொறியின் நுட்பத்தைத் தமிழில் பிழையின்றிச் சொல்ல முடிகிறதா என்பதற்கு இதைவிடக் கடுமையான தேர்வு அண்மையில் நமக்கு வாய்த்ததில்லை. முதல் வரைவில் நானே அதில் தவறினேன். அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் 'புல்லட்', 'கார்ட்ரிட்ஜ்' என்று இரண்டாக நிற்பவற்றை நான் 'தோட்டா' என்ற ஒரே சொல்லால் எழுதிவிட்டேன். நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன, அதனால் என் காதுக்கு உறுத்தவில்லை. அச்செடுத்த படியை இங்கே தேவிபட்டினத்தில் என் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து, "வாத்தியாரே, 150 கிரெயின் தோட்டான்னு போட்டிருக்கீங்க. இது மருந்தோட எடையா, முழுத் தோட்டாவோட எடையா?" என்று கேட்டார். இரண்டுமில்லை, குழல்வாய் வழியே வெளியே பறந்து செல்லும் அந்த உலோகத் துண்டின் எடை மட்டுமே அது. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம் ஆகையால் 150 கிரெயின் என்பது 9.7 கிராம். வெடிமருந்தையும் அதே கிரெயினில்தான் நிறுக்கிறார்கள் என்னும்போது, எது எதன் எடை என்று வாசகர் தடுமாறும்படி எழுதுவது வெறும் நடைக்குறை அன்று. அது ஆபத்தான பிழை.

ஆகவே என் முதல் முன்மொழிவு இது: பறந்து செல்லும் துண்டு 'சன்னம்'; அந்தச் சன்னம், மருந்து, இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடாகிய கோது, அதன் அடியில் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் தீப்பொட்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருளே 'தோட்டா'.

தோட்டா என்ற சொல்லை முழுப் பொருளுக்கே ஒதுக்குவதற்கு நம் மக்கள் வழக்கே துணை நிற்கிறது. கிணறு வெட்டும்போது பாறையில் துளையிட்டுத் 'தோட்டா வைத்து' உடைக்கிறோம் என்று சொல்கிறோம். அங்கே பறந்து செல்லும் துண்டு என ஒன்றே இல்லை. மருந்தை உள்ளே அடக்கிய உருளை என்பதே அச்சொல்லின் பொருள், அதைத் துப்பாக்கிக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

'சன்னம்' என்பதற்குத்தான் குழுவில் எதிர்ப்பு மிகுதி. 'குண்டு' என்ற பெருவழக்கு இருக்க இது எதற்கு என்று மூவர் எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 'குண்டு பாய்ந்தது' என்று ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். ஆனால் குண்டு என்பது உருண்டையானதைக் குறிக்கும் சொல். வாய்வழியே மருந்து கெட்டித்த பழைய துப்பாக்கியில் உண்மையிலேயே ஈய உருண்டையைப் போட்டார்கள், அங்கே அது பொருந்திற்று. இக்கட்டுரையோ, நீண்ட உடலும் தட்டையான முகமும் கொண்ட ஒன்றின் வடிவத்தைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசுகிறது. 'தட்டைக் குண்டு', 'கூர்க் குண்டு' என்றெல்லாம் எழுதினால் அடைமொழியும் பெயரும் ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன. மேலும் இந்தக் கரையில் 'ஈயக்குண்டு வார்ப்பது' என்று எழுதினால், வலையை ஆழத்தில் இருத்துவதற்கான ஈயத்தைத்தான் எவரும் நினைப்பார்கள். கட்டுரையில் ஈயத்தை உருக்கி வார்த்த சன்னங்களைப் பற்றி ஒரு முழுப் பகுதி இருக்கிறது.

சன்னம் நான் புனைந்த சொல்லும் அன்று. ஈழத்தமிழர் அதைத் துப்பாக்கியிலிருந்து பாய்வதற்கு வழங்கி வருகிறார்கள். வெற்றுக் கூட்டைக் 'கோது' என்கிறார்கள். மண்டபம் முகாமில் இருப்பவர்களோடு பழகிய நம் பக்கத்தார் பலருக்கு இவ்விரு சொற்களும் கேட்டுப் பழகியவை. 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த கரை இது. அக்கரைச் சொல்லை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்? சன்ன ரக அரிசி என்ற பொருளோடு மயங்குமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அரிசிக் கடையில் எவரும் 150 கிரெயின் சன்னம் கேட்கப் போவதில்லை, துப்பாக்கிக் கட்டுரையில் எவரும் சோறு தேடப் போவதில்லை. 'ரவை' என்ற மாற்றை நான் ஏற்காததற்குக் காரணம், ஒரே தோட்டாவுக்குள் பல சிறு மணிகளை இட்டுச் சுடும் வகைக்கு அச்சொல் நமக்குத் தேவைப்படும் என்பதே.

இப்பிரிவினை எவ்வளவு இன்றியமையாதது என்பதை நெம்புத் துப்பாக்கியின் அமைப்பே காட்டுகிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894, பின்னர் வந்த மார்லின் 336 போன்ற புகழ்பெற்ற நெம்புத் துப்பாக்கிகளில், சுடுகுழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழல் இருக்கும், அதுவே 'குழற்கூடு'. தோட்டாக்கள் அதனுள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதன் விளைவை என் முதல் வரைவு இப்படிச் சொன்னது: 'ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ள தோட்டாவைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கூர்மையான தோட்டா கூடாது.' எதன் முனை எதைத் தொடுகிறது? திருத்திய வரைவு இப்படிச் சொல்கிறது: 'பின்தோட்டாவின் சன்னமுனை முன்தோட்டாவின் தீப்பொட்டில் சாய்ந்திருப்பதால், சுடும்போது எழும் உதைப்பில் கூர்முனை தீப்பொட்டைக் குத்தி, குழற்கூட்டுக்குள்ளேயே தோட்டா வெடிக்கக்கூடும், ஆகவே இவ்வகைத் துப்பாக்கிக்குத் தட்டைமுனைச் சன்னம் வேண்டும்.' முதல் வாக்கியத்தைப் படித்தவருக்குக் குழப்பமே மிஞ்சும். இரண்டாவதைப் படித்தவர் ஏன் என்று தெரிந்துகொள்வார்.

தீப்பொட்டு என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன்: கோதின் அடியில் நடுவே பொட்டு வைத்தாற்போல் இருப்பதாலும், தீபாவளிப் பொட்டுவெடியை அறியாத குழந்தை இல்லை என்பதாலும் 'எரியூட்டி'யைவிட இது நன்று.

எல்லா நெம்புத் துப்பாக்கிக்கும் இத்தடை உண்டு என்று எழுதிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாவேஜ் 99இல் சுழலும் தோட்டாக்கூடு, பிரௌனிங் பிஎல்ஆரில் பெட்டிக்கூடு. அவற்றில் முனை தீப்பொட்டைத் தொடுவதில்லை, கூர்முனைச் சன்னம் இடலாம். ஹார்னடி நிறுவனம் குழற்கூட்டுக்கென்றே, அழுத்தினால் நெளியும் மென்மையான முனையைப் பொருத்திய கூர்ஞ்சன்னத்தை விற்கிறது. இதற்கு 'நெகிழ்முனை' போதும். எனவே தடைக்குரியது நெம்பு அன்று, குழற்கூடு. வாக்கியங்களில் 'குழற்கூட்டுத் துப்பாக்கி' என்று குறிப்பிட வேண்டிய இடங்களை வரைவில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

இனி, நான் மிகவும் மல்லுக்கட்டிய சொல். குழற்கூட்டில் சுருள்வில் தோட்டாக்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது, உதைப்பின்போது அவை ஒன்றோடொன்று மோதவும் செய்கின்றன. சன்னம் கோதுக்குள் இறங்கிவிட்டால் உள்ளிடம் குறைந்து அழுத்தம் ஏறிவிடும். அதைத் தடுக்கவே சன்னத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு நுண்ணிய வரிப்பள்ளம் இட்டிருப்பார்கள். கோதின் வாய்விளிம்பை அதில் மடித்து அழுத்திவிடுவார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பள்ளத்துக்குக் 'கேனலூர்'. 'வளையப் பள்ளம்', 'சுற்றுவரை', 'இடைக்காடி' என்று நீங்கள் அனுப்பிய எல்லாமே அதன் வடிவத்தைச் சொல்கின்றன, அது செய்யும் வேலையைச் சொல்லவில்லை.

சென்ற வாரம் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் பிளந்த சிறு ஈயத் துண்டுகளை அடிக்கயிற்றில் கோத்து, கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டே தட்டு, அதே விசை. ஏன் அப்படி எண்ணித் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "கூட அடிச்சா கயிறு நஞ்சுபோயிரும் வாத்தியாரே, கம்மியா அடிச்சா ஈயம் நழுவிரும். கயித்தக் கவ்வுற அளவுக்குத்தான் அடிக்கணும்" என்றார்.

எனக்குத் தேவைப்பட்ட வினை அதுவே. கோதின் வாய் சன்னத்தைக் கவ்வுகிறது, அது 'கவ்வல்'. கவ்வுவதற்கென இட்ட பள்ளம் 'கவ்வுவரி'. மிகையாகக் கவ்வினால் கோது தன் கழுத்துக்குக் கீழுள்ள தோளில் பிதுங்கி, சுடுகுழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் புகாது, குறைவாகக் கவ்வினால் சன்னம் உள்ளே நழுவும் என்று கட்டுரை சொல்வதும் அப்பெரியவர் சொன்னதும் ஒன்றேதான். துல்லியத்துக்கும் இதுவே கடைக்கால்: கோதுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால், ஒரே கருவியில் அழுத்தினாலும் ஒன்று இறுகக் கவ்வும், ஒன்று தளரக் கவ்வும், அதனால் சன்னங்கள் வெவ்வேறு விசையில் கோதைவிட்டுப் பிரிந்து, இலக்கில் விழும் துளைகளின் கொத்து விரியும். ஆகவே நல்ல சன்னம் வாங்குவதற்கு முன் கோதுகளை ஒரே நீளத்துக்குத் தறிக்க வேண்டும் என்று நம் உறுப்பினர் எழுதியிருப்பது கட்டுரையின் மிகச் சிறந்த இடம். 'கொத்து' என்ற அவருடைய சொல்லையும் மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

தாமே நிரப்பும் தோட்டாவுக்குக் 'கைத்தோட்டா' என்று கைத்தறியை ஒட்டி அவர் ஆக்கிய சொல்லை மட்டும் மாற்றினேன், அதற்கு அவர் பொறுத்தருள வேண்டும். கைத்துப்பாக்கி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் கைத்தோட்டா என்றால் கைத்துப்பாக்கிக்குரிய தோட்டா என்றே படிப்பார்கள்; அதுவும் சில நெம்புத் துப்பாக்கிகள் ரிவால்வருக்கும் பொருந்தும் தோட்டாவையே ஏற்பவை என்பதால் மயக்கம் இரட்டிக்கும். 'கையடைப்பு' என்றால் குழலில் ஏற்படும் அடைப்பு என்ற ஆபத்தான பொருள் குறுக்கிடுகிறது. 'கெட்டித்தல்' எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் அது இடித்து இறுக்குவது; புகையற்ற மருந்தை அப்படிச் செய்வதில்லை, நிறுத்து இடுகிறார்கள். எனவே 'கைநிரப்புத் தோட்டா'. இதைவிட நல்ல சொல் எவரிடமேனும் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

குழலின் உட்புறச் சுழல்வரிக்குப் 'புரி' என்பதில் எவருக்கும் மறுப்பில்லை: '12 அங்குலத்துக்கு ஒரு புரி'. அப்புரி வலமாகச் சுற்றினால் 'வலம்புரி' என்று எழுதச் சங்கு குளித்த இந்தக் கரையைச் சேர்ந்த எனக்கு ஆசைதான். ஆனால் நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை விலங்கியலார் இடப்பக்கம் சுருண்டதாக வகைப்படுத்துகிறார்கள். ஒரே சொல் இரண்டு துறையில் எதிரெதிர்த் திசை காட்டக் கூடாது என்பதால் 'வலச்சுற்றுப் புரி' என்றே இட்டிருக்கிறேன்.

1895இல் வந்த 30-30 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 150, 170 கிரெயின் தட்டைமுனைச் சன்னங்கள் இரண்டையும் வாங்கித் தம் துப்பாக்கி எதை விரும்புகிறது என்று சுட்டுப் பார்க்கும் பகுதியில், கிரெயினைக் 'குன்றிமணி' ஆக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குன்றிமணி கிரெயினைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடை. மருந்து நிறுக்கும் அளவைக்கு அப்பெயரைச் சூட்டுவது கொடுந்தவறாகிவிடும். கிரெயின் கிரெயினாகவே இருக்கட்டும், அடைப்புக்குறியில் கிராம் கணக்கைச் சேர்த்துவிட்டேன்.

ஈயச் சன்னத்தின் அடியில் பொருத்தும் சிறு செப்புக் கிண்ணத்துக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. பின்னாலிருந்து பாயும் சூடான வளி ஈயத்தின் அடியை உருக்காமல் காப்பது அதன் வேலை. 'அடிக்கவசம்' என்று தற்காலிகமாக இட்டிருக்கிறேன். வேலையைச் சொல்லும் வினை ஒன்று எவருக்கேனும் தட்டுப்பட்டால் எழுதுங்கள்.