சாட்சிக் கையெழுத்து

கனடாவில், ஸ்காபுரோவில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். 2022இல், காலையில் இரண்டு மணித்தியாலம் ஒரு வெள்ளைக்கார ஐயாவைப் பார்க்கப் போவேன். ஓய்வுபெற்ற தபால்காரர். ஏ.எல்.எஸ். என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நரம்பு வருத்தம். கால் போய், கையும் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் முகம் வழித்து முடித்ததும், "எனக்கு ஒரு சாட்சி வேணும், நீர் கையெழுத்து வைப்பீரா?" என்றார். மெய்ட் விண்ணப்பம், அதாவது வைத்தியரின் உதவியோடு சாவதற்கு. சம்பளத்துக்குப் பராமரிக்கிறவர்கள் சாட்சி வைக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். 2016இல் கனடாவில் சட்டம் வந்தபோது அப்படித்தான் இருந்தது; சாட்சியும் இரண்டு பேர். 2021 திருத்தத்தோடு ஒருவர் போதும், எங்களைப் போன்றவர்களும் வைக்கலாம் என்றாகிவிட்டது. ஐயா எல்லாம் வாசித்து வைத்திருந்தார். இதே வருத்தம் வந்த சூ ரோட்ரிகஸ் என்ற பெண், வைத்தியரின் உதவியோடு சாக அனுமதி கேட்டு 1993இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் 5–4 என்று தோற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். "அப்ப எனக்கு நல்ல கால் இருந்தது, பெரிசா யோசிக்கேல்ல" என்றார்.

அன்றிரவு நித்திரை இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் ஒரு சேலைன் போத்தலுக்கு ஓடித்திரிந்தவள் நான். சாவதற்கு இங்கே படிவமா என்று எரிச்சல்கூட வந்தது.

மறுநாள் வைத்தேன். சரியா பிழையா என்று சாட்சி சொல்லத் தேவையில்லை. சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க மருத்துவத் துறையினர் இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஐயா பேனாவைச் சுற்றி ஸ்பொஞ்ச் கட்டியிருந்தார். முதல் எழுத்துக்கே ஒரு நிமிடம் பிடித்தது. பிடித்துவிடக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்புறம், முன்பிருந்த பத்து நாள் காத்திருப்பும் அவருக்கு இல்லை, அதையும் 2021இல் எடுத்துவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கலண்டரில், குப்பை எடுக்கிற வியாழனுக்கு அடுத்த வெள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஊரிலிருக்கும் அம்மாவிடம் இதையெல்லாம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வெள்ளியும் முகம் வழித்துவிட்டேன். வழக்கத்தைவிட மெதுவாக. "நேரம் போகுது, பிள்ளை" என்று ஐயாவே சிரித்தார். ஊசி போடுவதற்கு முன் வைத்தியர் கடைசியாக ஒருதரம் கேட்பார், வேண்டாம் என்றால் அத்தோடு நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வைத்தியர் உள்ளே போனதும் நான் வெளியே வந்து காரில் இருந்தேன். கெதியாகத் திரும்பி வருகிறாரா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.